பூரண சுகமடைந்த ஆண்டியப்பன்

புளியங்கேணி ஆதார வைத்தியசாலைக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை நோயாளி எவரும் வந்திருக்கக் கூடாது. வாசலில் ஆளுயர எழுத்தில் பதாகை கட்டியிருந்தார்கள்: 'சீர்மிகு வைத்தியசாலைப் போட்டி. நடுவர்களை அன்புடன் வரவேற்கிறோம்.' அதைக் கண்ட பிறகும் ஒருவன் தன் வருத்தத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறான் என்றால் அவனுக்கு இங்கிதம் தெரியாது என்றுதான் அர்த்தம். ஸ்கந்தபுரம் ஆண்டியப்பன் போனார். அவருக்கு அன்று தெரிந்திருந்தது ஒரேயொரு விசயம்தான். முதல் நாள் பின்னேரத்திலிருந்து அவருக்குச் சலம் போகவில்லை, ஒரு சொட்டுச் சிறுநீரும் இறங்கவில்லை.

எழுபத்தொரு வயது மனிதர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்துக் கலைக்கப்பட்டு வந்து, வன்னியில் காடு வெட்டி, கச்சான் போட்டு, நெல் விதைத்து, பிறகு அத்தனையையும் விட்டு ஓடி, திரும்பவும் வந்து விதைத்தவர். ஷெல் விழுந்துகொண்டிருந்த நாட்களிலேயே பங்கருக்கு வெளியே போய் நிம்மதியாகச் சலம் கழித்துவிட்டு வந்த ஆள். இப்போது வீட்டில் ஓடு போட்ட கக்கூஸ் இருக்கிறது, பைப்பில் தண்ணீர் வருகிறது, ஒருவரும் சுடுவதும் இல்லை. ஆனால் சலம் வரவில்லை. வயதுபோன ஆண்களுக்குச் சலப்பையின் வாசலில் இருக்கும் சுரப்பி வீங்கி வழியை அடைக்கும் என்று கிளினிக்கில் சொல்லி, பதினான்கு மாதமாக அவருடைய பெயரை ஒப்பரேசன் பட்டியலில் வைத்திருந்தார்கள். பட்டியல் நகரவில்லை. சுரப்பி மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது.

மனைவி ஞானேஸ்வரி அவரை ஓட்டோவிலிருந்து இறக்கி, கக்கத்தில் கைகொடுத்து உள்ளே கூட்டிவந்தாள். வயிறு தொப்புளுக்குக் கீழே கல்லுப்போல நின்றது. வேட்டியின் முடிச்சுப் பட்டாலே மனிதருக்கு உயிர் போய் வந்தது.

"காலடி போட்டிருக்குப் பாருங்கோ ஐயா. அதிலை கால் வைச்சு வாங்கோ," என்றான் வரவேற்பு மேசையில் நின்ற நிரஞ்சன்.

நிரஞ்சன் அந்த வைத்தியசாலையின் ஒழுங்குமுறைப் பொறுப்பாளன். பத்து மாதத்துக்கு முன்னர் களஞ்சிய எழுதுவினைஞன். கொழும்பில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய் ஒரு சான்றிதழோடு திரும்பி வந்தான். அன்றிலிருந்து வைத்தியசாலையில் பெயர் ஒட்டாத பொருள் ஒன்றும் இல்லை. கதிரையில் 'கதிரை' என்று ஒட்டியிருந்தது. மணிக்கூட்டில் 'மணிக்கூடு' என்று ஒட்டியிருந்தது, அந்தக் கடதாசி எட்டு மணியை மறைத்தது. நிலத்தில் மஞ்சள் நிறத்தில் காலடிகள் வரையப்பட்டிருந்தன. நிரஞ்சன் ஆறடி உயரம், தன் எட்டு வைப்பை அளந்துதான் அவற்றை வரைந்திருந்தான். கூனிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலடிக்கும் ஒரு பாய்ச்சல் பாய்ந்து ஆண்டியப்பன் மேசைக்கு வந்து சேர்ந்தார். பாய்ந்த ஒவ்வொரு தடவையும் "ஐயோ அம்மாளாச்சி" என்று முனகினார்.

"தம்பி, இவருக்கு நேற்றிலையிருந்து சலம் போகேல்ல. டியூப் போட்டு எடுத்து விடுங்கோ, காணும்," என்றாள் ஞானேஸ்வரி.

"படிவம் நிரப்பாமல் ஒண்டும் செய்யேலாது அம்மா. ஏழு கேள்வி. சுகமான கேள்வியள்."

உலகம் முழுக்க இந்த வருத்தத்துக்குக் கேட்கும் கேள்விகள்தான். ஒரு மாதத்து நிலைமையைக் கேட்பது வழக்கம். தரவு சூடாக இருக்க வேண்டும் என்று நிரஞ்சன் அதை இருபத்துநான்கு மணித்தியாலமாக மாற்றியிருந்தான். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து புள்ளி. கூடினால் வருத்தம் கடுமை, குறைந்தால் சுகம்.

"சலம் போய் முடிஞ்ச பிறகும் இன்னும் உள்ளுக்கை கிடக்கு எண்ட மாதிரி எத்தினை தரம் இருந்தது?"

"போகவே இல்லைத் தம்பி."

"போய் முடிஞ்ச பிறகு எண்டுதான் கேள்வி ஐயா."

"போகாமல் எப்பிடியப்பு முடியிறது?"

"அப்ப ஒருக்காலும் இல்லை. பூச்சியம். ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளை திரும்பப் போகவேண்டி வந்ததோ?"

"முதல் போனாத்தானே திரும்பப் போக."

"பூச்சியம். தாரை மெலிவா இருந்ததோ?"

"தாரையே இல்லை."

"மெலிஞ்ச தாரை இல்லை." நிரஞ்சன் வட்டமாகப் பூச்சியம் போட்டான். நல்ல எழுத்து அவனுக்கு. "இரவிலை சலத்துக்கு எத்தினை தரம் எழும்பினீங்கள்?"

"படுத்தாத்தானே தம்பி எழும்ப," என்றாள் ஞானேஸ்வரி. "விடிய விடியக் குந்திக்கொண்டிருந்தவர்."

"படுக்காத ஆள் எழும்பேலாது அம்மா. அதுவும் பூச்சியம்."

ஏழு கேள்வியும் முடிந்தபோது நிரஞ்சன் பழைய படிவத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். போன கிளினிக்கில் ஆண்டியப்பனுக்கு இருபத்தேழு புள்ளி. இன்று பூச்சியம். அவன் கூட்டிப் பார்த்தான். திரும்பவும் கூட்டிப் பார்த்தான். பிறகு படிவத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தான் வரைந்த காலடிகளைத் தானே மிதிக்க மறந்து, வைத்திய அத்தியட்சகரின் அறைக்கு ஓடினான்.

அத்தியட்சகர் டொக்டர் நடராசா வெளியே வந்து ஆண்டியப்பனை மேலும் கீழும் பார்த்தார். தொடவில்லை, பார்த்தார்.

"இருபத்தாறு வருசமா நான் டொக்டர்," என்றார். "எத்தினையோ கிழடுகளைப் பார்த்திருக்கிறன். ஒப்பரேசன் இல்லாமல், ஊசி இல்லாமல், நிர்வாகத் திறமையால மட்டும் ஒரு நோயாளி பூச்சியத்துக்கு வந்ததை இண்டைக்குத்தான் காணுறன். நிரஞ்சன், நடுவர்மாருக்கு இவரைத்தான் காட்டுறம்."

பக்கத்தில் நின்ற நேர்ஸ் தர்மிளாவுக்கு ஆண்டியப்பனின் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. "சேர், வயித்தை ஒருக்காத் தொட்டுப் பாருங்கோ. சலப்பை ஊதிப்போய் நிக்குது."

"படிவத்திலை வயிறு இல்லை, மிஸ்."

ஆண்டியப்பனுக்குத் தாடி வழிப்பித்து, புதுச் சால்வை ஒன்று போர்த்தி, நிலத்தில் மஞ்சள் கோடு போட்ட சதுரத்துக்குள் இருத்தினார்கள். சதுரத்துக்கு முன்னால் 'பயனாளி' என்று எழுதியிருந்தது. கோட்டைத் தாண்டக்கூடாது. ஞானேஸ்வரிக்குச் சதுரம் இல்லாதபடியால் அவள் சுவரோடு நின்றாள்.

நடுவர்கள் வரும்வரைக்கும் அறிவூட்டல் வகுப்பு நடந்தது. நோயாளிகளிடம் நடுவர்கள் மருத்துவச் சொற்களுக்குப் பொருள் கேட்பார்கள் என்று ஒரு கதை அடிபட்டிருந்ததால், ஆண்டியப்பனோடு சேர்த்து ஆறு கிழவர்களை வரிசையில் இருத்தி அத்தியட்சகரே படிப்பித்தார். சுவரில் சொற்பலகை. அந்தப் பலகைக்கு மாதம் ஒன்றாக நாலு கூட்டம் வைத்தார்கள் என்றால் நம்பமாட்டீர்கள். அந்தச் சுரப்பியை 'முன்னிற்கும் சுரப்பி' என்பதா, வேறு பெயரால் அழைப்பதா என்று முதற் கூட்டத்திலும், அது 'வீக்கமா' 'பெருக்கமா' என்று இரண்டாம் மூன்றாம் கூட்டத்திலும் சண்டை பிடித்து, நாலாவதில் பற்றீஸ் சாப்பிட்டுவிட்டு, 'முன்னிற்கும் சுரப்பியின் தீங்கற்ற பெருக்கம்' என்று தீர்மானம் எடுத்தார்கள். அந்த நாலு மாதமும் சலக் கிளினிக் நடக்கவில்லை. பெயர் இல்லாத வருத்தத்தை எப்படிப் பார்ப்பது.

"தீங்கற்ற பெருக்கம்," என்றார் அத்தியட்சகர். "எல்லாரும் சொல்லுங்கோ."

"தீங்கற்ற பெருக்கம்," என்றார்கள் கிழவர்கள். ஆண்டியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். நெற்றியிலிருந்து வேர்வை சால்வையில் சொட்டியது.

"தீங்கற்ற எண்டால் புற்றுநோய் இல்லை எண்டு அர்த்தம். ஆனபடியால் ஒருத்தரும் பயப்படக் கூடாது. போகத் தொடங்கச் சுணங்கினால் அதுக்குப் பெயர் தயக்கம். அடக்க முடியாமல் வந்தால் அவசரம். போன பிறகும் உள்ளுக்கை கிடந்தால் எஞ்சிய சலம். முழுக்கக் கட்டுப்பட்டுப் போனால் அதுக்குப் பெயர் சலத்தேக்கம். இது வலு ஆபத்தான நிலை. நேரம் கடத்தினால் சிறுநீரகம் பழுதாகும். ஒரு நிமிசமும் வீணாக்காமல் பக்கத்திலை இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போகவேணும். விளங்கிச்சுதோ?"

ஆண்டியப்பன் கையை உயர்த்தினார். "சேர், எனக்கு அதுதான்."

"எது?"

"நீங்கள் கடைசியாச் சொன்னது. நான் ஓடியும் வந்திட்டன்."

அத்தியட்சகரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களோ, சொல்லை எவ்வளவு கெதியாப் பிடிச்சிட்டார். எல்லாரும் இவரை மாதிரி இருக்கவேணும். ஒருக்காக் கை தட்டுங்கோ."

கிழவர்கள் கை தட்டினார்கள். தட்டிய ஐந்து பேருக்கும் விசயம் விளங்கித்தான் இருந்தது. ஆனால் அவர்களுக்கும் ஒப்பரேசன் பட்டியலில் பெயர் இருந்தது, பாருங்கள்.

ஞானேஸ்வரி தர்மிளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளை, உனக்குப் புண்ணியமாப் போகும். ஒரு டியூப்."

தர்மிளா அவளைச் சிகிச்சை அறைக்குள் கூட்டிப்போய்க் கண்ணாடி அலுமாரியைக் காட்டினாள். சலம் எடுக்கும் டியூப்கள் பன்னிரண்டு, பதினாலு, பதினாறு, பதினெட்டு என்று இலக்கப்படி வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் பின்னால் பலகையில் அதே அச்சில் கறுப்பு நிழல் வரைந்திருந்தது. ஒன்றை எடுத்தால் நிழல் வெறுமனே தெரியும். நிழல் தெரிந்தால் போட்டியில் இரண்டு புள்ளி குறையும்.

"பத்து மாசமா இதிலை ஒண்டும் எடுக்க விடேல்லை அம்மா," என்றாள் தர்மிளா. "டியூப் போட வாற ஆக்களை வேறை ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிடுறம். இண்டைக்கு அம்புலன்சும் ஏலாது. கழுவிப் பூ வைச்சு நிப்பாட்டியிருக்கு."

பத்து மணிக்கு வரவேண்டிய நடுவர்கள் பதினொன்றரைக்கு வந்தார்கள். மூன்று பேர். தலைமை நடுவர் ஓர் அம்மையார். கையில் புள்ளித்தாள். எல்லாருக்கும் வெற்றிலை கொடுத்து, விளக்கேற்றி, மஞ்சள் காலடிகளில் நடத்திக் கூட்டிவந்து, ஆண்டியப்பனின் சதுரத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். அத்தியட்சகர் வரைபடத்தைக் காட்டிச் சிங்களத்தில் விளக்கினார். இருபத்தேழிலிருந்து பூச்சியத்துக்குக் கோடு செங்குத்தாக விழுந்திருந்தது. பிறகு ஒரு பெரிய கிளாஸ் நிறையத் தண்ணீரை ஆண்டியப்பனின் கையில் கொடுத்தார்.

"குடியுங்கோ ஐயா. இவையள் பாக்கட்டும். முந்தித் தண்ணி குடிக்கவே பயந்த ஆள்."

நடுவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டியப்பன் மனைவியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். குடிக்காவிட்டால் பட்டியலில் பெயர் என்னாகும் என்ற பயம் அவருக்கு. குடித்தார். கடைசி வாயைக் குடிக்கும்போது கண்ணால் தண்ணீர் வழிந்தது. அத்தியட்சகர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று சொன்னார்.

தோட்டத்தில் பிறந்தவர் அல்லவா, ஆண்டியப்பனுக்குச் சிங்களம் நன்றாக வரும். இது வைத்தியசாலையின் எந்தப் படிவத்திலும் இல்லை. கிளாசை நிலத்தில் வைத்துவிட்டு, நடுவர் அம்மையாரைப் பார்த்து அவருடைய மொழியிலேயே சொன்னார்: தனக்கு நேற்றிலிருந்து சலம் ஒரு சொட்டும் போகவில்லை, வயிறு வெடிக்கப் போகிறது, நீங்கள் புண்ணியவதி, ஒரு டியூப் போடச் சொல்லுங்கள்.

நிரஞ்சனின் முகம் சாம்பலாகியது. நடுவர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு ஆண்டியப்பனைப் பார்த்தார். பிறகு புள்ளித்தாளைப் பார்த்தார். பதினேழாம் இலக்கத்தில் விரலை வைத்தார்.

"நோயாளி அச்சமின்றிக் குறை தெரிவிக்கும் சூழல்," என்று வாசித்தார். "எத்தனையோ ஆஸ்பத்திரி பார்த்துவிட்டோம். நோயாளிகள் எங்களைக் கண்டால் வாயே திறக்கமாட்டார்கள். அதிலும் இவர் மொழி கடந்து பேசுகிறார்." ஐந்துக்கு ஐந்து போட்டார். மற்ற இரண்டு பேரும் போட்டார்கள். அத்தியட்சகர் கைகூப்பினார்.

அடுத்ததாகக் கண்ணாடி அலுமாரிக்குப் போனார்கள். பத்து மாதமாக ஒரு வெற்றிடமும் விழவில்லை என்று அத்தியட்சகர் சொன்னபோது அம்மையார் ஒவ்வொரு நிழலாக விரலால் தடவிப் பார்த்தார். அதற்கும் முழுப் புள்ளி. பிறகு அத்தியட்சகரின் அறைக்குச் சாப்பிடப் போனார்கள். முல்லைத்தீவிலிருந்து வந்த இறாலும் நண்டும் ஆறக் கூடாது. சாப்பிட்டு முடிந்து அலுமாரிக்கு முன்னால் நின்று படம் எடுப்பதாக ஏற்பாடு.

ஆண்டியப்பன் சதுரத்துக்குள் சரிந்து கிடந்தார். "ஞானம், என்னைக் கொண்டுபோய் எங்கையாவது போட்டிடு," என்றார். அந்த மனிதர் ஐம்பது வருசக் குடித்தனத்தில் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தர்மிளா அலுமாரிச் சாவியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, திரும்பி நின்று சுவரைப் பார்த்தாள். சுவரில் 'சுவர்' என்று ஒட்டியிருந்தது.

ஞானேஸ்வரி சாவியை எடுத்தாள். அலுமாரியைத் திறந்தாள். "எத்தினையாம் நம்பர் பிள்ளை?"

"பதினாறு, அம்மா."

திரைச்சீலைக்குப் பின்னால் படுக்கவைத்து தர்மிளா டியூபைப் போட்டாள். ஒன்றே முக்கால் லீட்டர் வந்தது. நிறுத்தி நிறுத்தி விட்டாள், எல்லாம் ஒரேயடியாகப் போனாலும் ஆபத்து. ஆண்டியப்பன் குழந்தைபோல் விம்மி அழுதார். அவருக்கு அந்த நேரம் கடவுள் என்றால் அந்தப் பிள்ளைதான். ஞானேஸ்வரி அவருடைய காலைத் தடவிக்கொண்டு, "போகட்டும், போகட்டும்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சாப்பிட்டு வந்த நிரஞ்சன் அலுமாரியைக் கண்டு தலையில் கைவைத்தான். ஆனால் பயிற்சி பெற்றவன். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாயில் ஒரு முழம் வெட்டி, பதினாறாம் நிழலில் தொங்கவிட்டான். படம் எடுக்கப்பட்டது. ஒருவரும் கவனிக்கவில்லை. வைத்தியசாலைக்கு மாகாணத்தில் முதலாம் இடம் கிடைத்தது.

தர்மிளாவுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் நாயாற்றுப் பக்கம் ஒரு சிறு மருந்தகத்துக்கு இடமாற்றமும் வந்தன. ஆண்டியப்பனின் கிளினிக் கொப்பியில் 'பூரண சுகம்' என்று சிவப்பு முத்திரை குத்தி, பட்டியலிலிருந்து பெயரை வெட்டினார்கள். டியூபும் பையுமாக அவர் வீட்டுக்குப் போனார்.

ஒரு மாதத்தில் டியூபை மாற்ற வேண்டும். வந்தார்கள்.

"கிளினிக்கிலை பதிஞ்ச ஆளுக்குத்தான் டியூப் மாத்தலாம்," என்றான் நிரஞ்சன். "நீங்கள் சுகமான ஆள்."

"அப்ப இந்தப் பை என்ன தம்பி?" ஞானேஸ்வரி பையைத் தூக்கிக் காட்டினாள். சலம் கலங்கி, சிவந்து இருந்தது.

"அது எங்கடை பதிவிலை இல்லாத பை அம்மா. டியூபும் அலுமாரியிலை இருந்து களவு போனதெண்டு அறிக்கை குடுத்திட்டம். களவுப் பொருளுக்கு நாங்கள் எப்பிடிக் கை வைக்கிறது?"

"திரும்பப் பதியுங்கோ."

"பதியலாம். இருபது புள்ளிக்கு மேலை வேணும்." நிரஞ்சன் படிவத்தை எடுத்தான். பாவம், அவன் கெட்டவனில்லை, உதவத்தான் பார்த்தான். ஏழு கேள்வியும் கேட்டான். டியூப் போட்ட மனிதன் இரவில் எழும்புவானா, முக்குவானா, திரும்பத் திரும்பப் போவானா. பூச்சியம்தான் வந்தது. "உண்மையிலேயே நல்ல சுகம் ஐயா உங்களுக்கு," என்றான்.

வேறு வைத்தியசாலைக்குப் போனார்கள். முதல் பார்த்த இடத்துக் கடிதம் கேட்டார்கள். புளியங்கேணி கடிதம் கொடுத்தது. அதில் பூரண சுகம் என்று இருந்தது. சுகமான ஆளை என்னத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று அங்கே ஏசினார்கள். ஏழாம் கிழமை காய்ச்சல் பிடித்தது. நடுங்கி, பிதற்றி, அக்கராயன் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லி யாரையோ கெஞ்சி, எட்டாம் கிழமை வெள்ளிக்கிழமை விடியப்புறம் ஆண்டியப்பன் செத்துப்போனார்.

அன்று பத்து மணிக்கே அத்தியட்சகரும் நிரஞ்சனும் மலர்வளையத்தோடு செத்தவீட்டுக்கு வந்துவிட்டார்கள். இந்த விசயத்தில் ஒரு நிமிசமும் சுணங்கவில்லை. கையில் பதாகை. ஆண்டியப்பன் சால்வையோடு தண்ணீர்க் கிளாசைப் பிடித்துக்கொண்டிருக்கும் படம் போட்டு, 'எமது வைத்தியசாலையில் பூரண சுகமடைந்த அமரர் ஆண்டியப்பன் அவர்களுக்கு எமது கண்ணீர் அஞ்சலி' என்று அடித்திருந்தார்கள்.

"என்ன நடந்தது அம்மா?" என்றார் அத்தியட்சகர். "நாங்கள் நல்ல சுகமாத்தானே அனுப்பினனாங்கள். வேறை ஏதும் வருத்தமா இருக்கும். சலக் கரைச்சல் எங்கடை பதிவிலை முடிஞ்சுது."

ஞானேஸ்வரி அழவில்லை. பதாகையை ஒருமுறை முழுக்க வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு நிரஞ்சனைப் பார்த்தாள்.

"முதலாம் இடம் வந்தது இதிலை இல்லையே தம்பி. கொண்டுபோய் அதையும் எழுதிக்கொண்டு வாங்கோ. ஆறுதலா வாங்கோ. அவருக்கு இனி அவசரம் இல்லை."

இதை எப்படி விட்டோம் என்று அத்தியட்சகர் நிரஞ்சனை அந்த இடத்திலேயே கடிந்தார். பதாகையைச் சுருட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போய், புதிதாக அடித்து, பிரேதம் எடுக்க அரை மணித்தியாலம் இருக்கும்போது கொண்டுவந்து வாசற் படலையில் கட்டினார்கள். முதலாம் இடம் என்ற வரியைத் தங்க நிறத்தில் போட்டிருந்தார்கள்.